எந்தப் பாடம் செல்லும் என்று முதலில் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் கணக்கு டீச்சராகும் ஆசையில் 42 வயதில் சமுதாயக் கல்லூரியில் சேர்ந்தேன். பெரும்பாலும் அங்கே கிடைப்பது சுமார் 60 கிரெடிட் (பாடங்களை முடித்தால் சேரும் அலகு) கொண்ட இரண்டாண்டு அசோசியேட் பட்டம்தான். அரசு உயர்நிலைப் பள்ளியில் பாடம் நடத்தப் பொதுவாக இளங்கலைப் பட்டமும் மாநில உரிமமும் வேண்டும். அதற்கு அப்புறம் பல்கலைக்கழகம் போகத்தான் வேண்டும். சமுதாயக் கல்லூரியில் கட்டணம் குறைவு, மாலை வகுப்பும் உண்டு. கால்குலஸ் எனக்குப் புரிந்ததே அங்குதான்! ஆனால் நான் படித்த கல்வியியல் பாடம் ஒன்றைப் பல்கலைக்கழகம் தன் பட்டத்துக்கான கணக்கில் ஏற்கவில்லை. மூன்று மாத உழைப்பு போயிற்று, அன்றிரவு அழுதேன். சேரப்போகிறவர்களே, எந்தப் பாடம் செல்லும் என்பதைப் பல்கலைக்கழக ஆலோசகரிடம் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தையை நம்பாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு மாணவி