பாலைவனப் பயணத்தில் பெண்கள் தண்ணீர் குடிக்க வழி செய்யுங்கள்

மதுரையிலிருந்து ராஜஸ்தான் சுற்றுலா நடத்தும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். கடந்த மார்ச் மாதம் உங்கள் குழுவோடு பிகானேரிலிருந்து ஜெய்சல்மேருக்குப் பேருந்தில் சென்றவர்களில் நானும் ஒருத்தி. அன்று என் பெரியம்மாவுக்கு நேர்ந்ததை நீங்கள் அறிவீர்கள். ஊர் திரும்பியதும் தொலைபேசியில் நலம் விசாரித்தீர்கள், அதற்கு நன்றி. ஆனால் அவருக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று அப்போது நீங்கள் சொன்ன விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. காலையில் குடித்த அரை டம்ளர் காப்பிக்குப் பிறகு அவர் வாயில் ஒரு சொட்டு நீர்கூடப் படவில்லை. வழியில் பெண்கள் ஒதுங்க இடம் இராது என்பதை முந்தின நாள் பயணத்திலேயே பார்த்துவிட்டதால், வேண்டுமென்றே குடிக்காமல் இருந்தார்.

பிகானேரிலிருந்து ஜெய்சல்மேர் ஏறத்தாழ 330 கிலோமீட்டர். அந்தத் தொலைவில் உங்கள் ஓட்டுநர் வண்டியை நிறுத்தியது ஆளரவமற்ற வெட்டவெளியில். ஆண்கள் சாலையோரம் இறங்கிப் போய்த் திரும்பிவிட்டார்கள். நம் பக்கத்துச் சாலை என்றால் மறைவுக்கு ஒரு கருவேலம் புதராவது இருக்கும். அங்கே கண்ணுக்கெட்டிய வரை மணலும், நம் கோயில்களில் காணும் அதே வன்னி மரம் தூரத்துக்கு ஒன்றாகவும்தான் நின்றன. இரண்டு பெண்கள் ஒரு சேலையை விரித்துத் திரையாகப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் முறைவைத்துப் போனோம். லாரிகள் ஒலியெழுப்பியபடி கடந்து சென்றன. காற்று அந்தச் சேலையை நிலையாக நிற்கவிடவில்லை. வயதான பெண்களில் சிலர் இறங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மீண்டும் வண்டியில் ஏறி உட்கார்ந்தார்கள். பெரியம்மாவும் அவர்களில் ஒருவர்.

பலோடி, ராம்தேவ்ரா, போக்ரான் மூன்றும் அதே சாலையில் உள்ள ஊர்கள். உணவு விடுதிகளும் பெட்ரோல் பங்க்குகளும் உள்ள ஊர்களைத் தாண்டிப்போய், ஒன்றுமில்லாத இடத்தில் வண்டியை நிறுத்தியது ஏன் என்று உங்கள் மேலாளரைக் கேட்டதற்கு, ஜெய்சல்மேர் கோட்டை பார்க்க நேரமாகிவிடும் என்றார். 1156ஆம் ஆண்டில் ராவல் ஜெய்சல் என்ற மன்னர் எழுப்பிய அந்தக் கோட்டை, இன்றும் உள்ளே குடும்பங்கள் வாழும் கோட்டை, இன்னும் அரை மணி நேரம் எங்களுக்காகக் காத்திருக்காதா?

நான்கு வாயில்களைக் கடந்து ஏற வேண்டிய அந்தச் சரிவில், இரண்டாவது வாயிலுக்கு அருகே பெரியம்மா மயங்கிச் சரிந்தார். மாலையில் மற்றவர்கள் சாம் மணல்மேட்டில் சூரியன் மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவருக்கு மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. உடலில் நீர் வற்றிவிட்டதாக மருத்துவர் சொன்னார். மதுரை வெயிலில் ரவிக்கை நனைந்ததுமே தண்ணீரைத் தேடப் பழகியவர்கள் நாம். பாலைவனத்தின் வறண்ட காற்றிலோ வியர்வை அரும்பியதும் உலர்ந்துபோகிறது; எவ்வளவு நீர் இழந்தோம் என்பது தெரிவதே இல்லை. இதைப் புறப்படும் முன் எங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நீங்கள்.

உங்கள் சமையல்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருப்பது நியாயமாகாது. அடுப்பும் அரிசியும் பருப்பும் சுமந்து வந்து, ஜெய்சல்மேரில் எங்களுக்குச் சூடான ரசம் சாதம் போட்டார்கள். எத்தனை பேருக்கு எத்தனை படி அரிசி என்று மதுரையிலேயே கணக்குப் போடத் தெரிந்த உங்களுக்கு, எந்த ஊரில் பெண்களை இறக்கிவிடலாம் என்று கணக்குப் போடுவது கடினமாக இருக்க முடியாது. அந்தக் கணக்கைத்தான் கேட்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒட்டகம் எழும்போது பின்னங்கால்களை முதலில் ஊன்றுவதால் மேலே இருப்பவர் முன்னால் தள்ளப்படுவார் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால், எங்களோடு வந்த அக்கா ஒருவர் சேணத்தில் முகம் இடித்துக்கொண்டு உதடு கிழிந்து திரும்பினார். பின்னால் சாய்ந்து கொள்ளுங்கள் என்று ஒரு சொல் போதுமே. அறிவிப்புத் தாளில் இடங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதில் காட்டும் அக்கறையைப் பயணிகளின் உடம்பின் மேல் காட்டுவதில்லை. இது உங்கள் நிறுவனத்தோடு முடிகிற குறையும் அல்ல. குலதெய்வக் கோயிலுக்கு வேனில் போனாலும், கல்யாணத்துக்குப் பேருந்தில் போனாலும் நம் பெண்கள் தொண்டையை நனைப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வீட்டு ஆண்களுக்கு அது தெரிவதும் இல்லை. அதையெல்லாம் உங்களிடம் முறையிட்டுப் பயனில்லை என்பதை அறிவேன். உங்கள் கையில் இருப்பதை மட்டும் கேட்கிறேன்.

தயவுசெய்து அடுத்த பயணத்தின் அறிவிப்புத் தாளில், பார்க்கும் இடங்களின் பெயர்களுக்கு அருகிலேயே, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறை உள்ள எந்த ஊரில் வண்டி நிற்கும் என்பதையும் அச்சிடுங்கள். அந்த இடங்களை முன்னதாக விசாரித்து உறுதி செய்யுங்கள். நேரம் போதவில்லை என்றால் ஒரு மாளிகையைக் குறைத்துக்கொள்ளுங்கள்; நாங்கள் குறைசொல்ல மாட்டோம். குழுவில் பெண்கள் தயங்காமல் பேசக்கூடிய ஒரு பெண் பொறுப்பாளரையும் அமர்த்தினால் நன்றியுடையவர்களாவோம்.

அடுத்த குழுவுக்கு முன்பணம் வாங்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். அந்தக் குழு புறப்படும் முன்பே இதற்கு எழுத்துமூலம் பதில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பயணி ஒருத்தி,
மதுரை