வேலையை அறிந்தவர் யார்?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. துறைத் தலைவராக நீ பொறுப்பேற்றதில் எங்கள் எல்லோருக்கும் பெருமகிழ்ச்சி. இங்கே அனைவரும் நலம். டெய்லர், வெபர், மேயோ என்று நிர்வாகத்தைப் பற்றி எழுதிய அத்தனை பேரையும் படித்த பிறகும் யாரை நம்பித் துறையை நடத்துவது என்று கேட்டிருக்கிறாய். நம் பேராசிரியர் அருகில் இருந்திருந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கியிருப்பார். ஆனால் அந்தக் கேள்வி இப்போது என்னையும் உறங்கவிடவில்லை. சென்ற மாதம் முதல் எங்கள் அலுவலகத்தில் வெளியிலிருந்து வந்த ஆலோசகர்கள் ஒவ்வொருவர் அருகிலும் அமர்ந்து, வேலையைப் படிப்படியாகப் பிரித்து நேரம் குறித்துக்கொண்டிருக்கிறார்கள். வேலை செய்பவரிடம் மட்டும் எதையும் கேட்பதில்லை.

வேலையை நேரம் குறித்து அளந்த அமெரிக்கப் பொறியாளர் டெய்லரின் 1911 நூல் நினைவிருக்கிறதா? அமெரிக்காவின் பெத்லகேம் எஃகு ஆலையில் ஒருவர் ஒரு நாளில் ஏற்றிய இரும்பு பன்னிரண்டரை டன்னிலிருந்து 47 டன்னுக்கு உயர்ந்தது என்றும், கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆனது என்றும் அவர் எழுதினார். அந்தக் கதையின் விவரங்களில் பின்னாளைய ஆய்வாளர்கள் ஐயம் எழுப்பியிருக்கிறார்கள். எனக்கு அந்த எண்களைவிட முக்கியமாகப் படுவது, தொழிலாளியின் கைப்பழக்கத்தில் இருந்த அறிவைத் திரட்டித் திட்டமிடுவோரின் மேசைக்குக் கொண்டுசெல்வதை அவர் வெளிப்படையான நோக்கமாகவே வைத்திருந்தார் என்பதுதான். நீ கல்லூரியில் டெய்லருக்காக எத்தனை ஆவேசமாக வாதாடினாய் என்பதை மறக்கவில்லை. ஆகவே இந்த இடத்தை மறுபடி படித்துப் பார்.

ஜெர்மன் சமூகவியலாளர் வெபர் வேறு திசையிலிருந்து வந்தாலும் அவருடைய அதிகாரத்துவமும் அறிவைக் கொண்டே ஆள்கிறது. விதி, கோப்பு, தகுதியறிந்து அமர்த்தப்பட்ட அலுவலர் என்ற ஏற்பாட்டில், அறிவு தனிமனிதரை விட்டுப் பதவியோடும் கோப்போடும் ஒட்டிக்கொள்கிறது. வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்க்காத நேர்மையை அது தருவதால், அதை இகழ எனக்கு மனமில்லை. ஃபயோலைப் பற்றி நீயே அறிவாய். பிரான்சில் ஒரு சுரங்க நிறுவனத்தின் தலைவராக இருந்து நிர்வாகத்தை மேலிருந்து பார்த்தவர் அவர்.

நான் படிப்பில் திரும்பத் திரும்பச் செல்வது, அமெரிக்காவில் தொலைபேசிக் கருவிகள் செய்த ஹாதார்ன் ஆலைக்குத்தான். அங்கே உற்பத்தி மாறுகிறதா என்று அறிய வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்த சோதனையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். 1931–32இல் கம்பி இணைக்கும் அறையில் 14 பேரைக் கவனித்த ஆய்வே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. கூடுதலாக முடித்தால் கூடுதல் ஊதியம் கிடைக்கும் என்ற ஏற்பாடு இருந்தும், ஒரு நாளைக்கு இவ்வளவு போதும் என்று அவர்கள் தங்களுக்குள் ஓர் அளவை வகுத்துக்கொண்டார்கள்; அதை மீறி வேகமாகச் செய்தவரைத் தோளில் குத்தி அடக்கினார்கள். உற்பத்தி உயர்ந்தால் கூலிவிகிதம் குறைக்கப்படும், சிலருக்கு வேலை போகும் என்ற அச்சம் அவர்களிடம் இருந்தது. வேலையை எவ்வளவு விரைவாக முடிக்க முடியும் என்ற அறிவு அவர்களிடம் இருந்தது; அதை மேலே சொல்வது தங்களுக்கு நல்லதல்ல என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஆலை ஆய்வுகளை விளக்கி எழுதிய மேயோவைப் பின்பற்றியோர் இதை உணர்வுச் சிக்கலாகவே பெரிதும் விளக்கினார்கள். எனக்கோ அது முழுக்க அறிவுள்ள கணக்காகவே தெரிகிறது.

பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி ஆய்வாளர்கள் டிரிஸ்டும் பாம்ஃபோர்த்தும் 1951இல் எழுதிய கட்டுரையை இதனோடு சேர்த்துப் படி. முழு வேலையையும் தாங்களே பார்த்துக்கொண்ட சிறு குழுக்களைப் புதிய இயந்திரமுறை கலைத்து, ஒரு ஷிப்டுக்கு ஒரு பணி என்று பிரித்தபோது, வேலைக்கு வராமை பெருகியது; ஒரு ஷிப்டின் குறை அடுத்த ஷிப்டின் தலையில் விழுந்தது. அதே இயந்திரங்களை வைத்துக்கொண்டே முழுப் பொறுப்பையும் குழுவிடம் திருப்பித் தந்த சுரங்கங்கள் பின்னர் நன்றாக நடந்தன.

சூழலைப் பொறுத்தே அமைப்பு மாறும் என்று ஆய்வாளர்கள் பர்ன்ஸும் ஸ்டாக்கரும் 1961இல் காட்டியதை நீ சமாதானமாக முன்வைப்பாய் என்று தெரியும். அது உண்மைதான், மாறாத வேலைக்குக் கறாரான படிநிலை பொருந்தும், மாறிக்கொண்டே இருக்கும் வேலைக்கு நெகிழ்வான அமைப்பு பொருந்தும். ஆனால் வேலை மாறத் தொடங்கிவிட்டதை முதலில் அறிபவர் அதைச் செய்பவரே. அவர் வாய் திறக்க அஞ்சினால், எந்த அமைப்பு பொருந்தும் என்பதை நீ எப்படித் தீர்மானிப்பாய்?

ஆகவே படிநிலை வரைபடத்தில் கை வைக்கும் முன் ஊக்கத்தொகைக் கணக்கைப் பார். உற்பத்தி உயர்ந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டில் இலக்கு எத்தனை முறை உயர்த்தப்பட்டிருக்கிறது என்று பழைய கோப்புகளில் தேடி, கண்டதை எனக்கு எழுது. எங்கள் ஆலோசகர்களின் அறிக்கை அடுத்த மாதம் வருகிறது. அதற்கு மறுப்பு எழுத உன் கணக்கு எனக்கு உதவும்.

அன்புடன்,
உன் நண்பன்