ஆசிரியருக்குக் கடிதம்: பாட்டியும் பேரப்பிள்ளைகளும் தேடிய டப்பா

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறை நெருங்குகிறது. பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது என்ற பேச்சு சிங்கப்பூரில் பல வீடுகளில் தொடங்கியிருக்கும். சென்ற ஆண்டிறுதி விடுமுறையில் எங்கள் வீட்டில் தொற்றிக்கொண்ட ஒரு பழக்கத்தைப் பற்றி எழுதுகிறேன். வீட்டில் வயதானவர்கள் இருக்கும் வாசகர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஜியோகேச்சிங் என்று பெயர். ஒருவர் சிறு டப்பா ஒன்றை வெளியிடத்தில் மறைத்துவைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் பதிந்துவிடுவார். கைத்தொலைபேசி வழிகாட்ட, மற்றவர்கள் தேடிப் போவார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். பெரிய டப்பாவில் சின்னச் சின்னப் பொம்மைகளும் இருக்கும். ஒன்றை எடுத்தால் அதற்கு ஈடாக இன்னொன்றை வைக்க வேண்டும்.

தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் என் மகள், பஸ்ஸில் போகும்போதே இதன் கதையைப் பாட்டிக்குச் சொன்னாள். பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்துவைத்திருந்தது. 2000 மே மாதத் தொடக்கத்தில் அதை நீக்கியது. உடனே, மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை மறைத்துவைத்து, அதன் எண்களை இணையத்தில் வெளியிட்டார். வாளிக்குள் புத்தகங்கள், ஒரு பீன்ஸ் டின், ஒரு கவண். "கவணா?" என்று என் மாமியார் இரண்டு முறை கேட்டார்.

நாங்கள் போனது பழைய ரயில் தடத்துக்கு. தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி ரயில் 2011 ஜூன் 30 இரவு புறப்பட்டது. உட்லண்ட்ஸ் வரை நீளும் அந்த 24 கிலோமீட்டர் பாதை இப்போது நடப்பவர்களுக்கும் மிதிவண்டி ஓட்டுபவர்களுக்கும் சொந்தம். என் மாமியாரின் தகப்பனார் மலாயா ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தவர். முழங்கால் வலி என்று எந்த வெளியூர்ப் பயணத்துக்கும் வர மறுக்கும் மாமியார், ரயில் பாதை என்றதும் எங்களுக்கு முன்பே செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார்.

எங்கே தேடினோம் என்று சொல்ல மாட்டேன். அடுத்து வருபவர்களின் மகிழ்ச்சியைக் கெடுக்கக் கூடாது. ஆனால் அந்தக் கடைசி ஐந்து மீட்டரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மரங்கள் அடர்ந்த இடத்தில் தொலைபேசி காட்டும் எண் ஆடிக்கொண்டே இருக்கும். "வந்துவிட்டாய்" என்கும், இரண்டடி வைத்தால் "எட்டு மீட்டர்" என்கும். அதற்குமேல் அதை நம்பிப் பயனில்லை. தொலைபேசியைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால்தான் தேட வேண்டும். என் மகனுக்கு எட்டு வயது. எங்கள் இடுப்புயரத்தில் இருப்பதெல்லாம் அவன் கண்ணுக்கு நேராக இருக்கும். கணவர் வேலியின் மேற்புறம் தேடினார். யாராவது மிதிவண்டியில் வந்தால் எல்லாரும் காலணிக் கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டோம். இருபது நிமிடம் கழித்து மாமியார் ஓரிடத்தைக் காட்டினார். "அது தானாக விழுந்த கல் இல்லை. யாரோ வைத்த கல்."

கல்லுக்குப் பின்னால் பிலிம் சுருள் டப்பா இருந்தது. சுருட்டிய தாளில் இருந்த பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்தில். பிள்ளைகள் தங்கள் பெயர்களைத் தமிழில் எழுதினார்கள். பிறகு பேனாவை வாங்கிய மாமியார் தம் பெயரை எழுதி, அதன் கீழே தம் அப்பாவின் பெயரையும் எழுதினார். வீடு திரும்பும்வரை பிள்ளைகள் தங்கள் கொள்ளுத்தாத்தாவைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தார்கள். அன்றுவரை அவர் எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு படம்.

புறப்படுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொந்துக்குள் வெறுங்கையை விடாதீர்கள், குச்சியால் தட்டிப் பாருங்கள். இயற்கை வனப்பகுதிகளில் பாதையை விட்டு இறங்காதீர்கள். கொசுவிரட்டி மறக்க வேண்டாம்.

இனி, நான் இதை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். ஆண்டுதோறும் ஏப்ரலில் தமிழ்மொழி விழா நடத்தும் அமைப்புகள் இந்த விளையாட்டைக் கையில் எடுக்க வேண்டும். ஆள் நடமாட்டம் மிகுந்த சிராங்கூன் சாலையில் டப்பா வைக்க முடியாது. கேட்பாரற்ற பொருள் அச்சத்தைக் கிளப்பும். ஆனால் இதில் பல கட்டத் தேடல் என்ற ஒரு வகை உண்டு. பெயர்ப் பலகைகளிலும் நினைவுப் பலகைகளிலும் உள்ள எண்களைச் சேகரித்தால்தான் டப்பா இருக்கும் இடம் தெரியும். சவுத் பிரிட்ஜ் சாலையில் ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1827இல் தொடங்கியது. கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் 2015இல் திறக்கப்பட்டது. இப்படிப்பட்ட ஆண்டுகளின் இலக்கங்களே வழிகாட்டட்டும். குறிப்புகள் தமிழில் இருக்கட்டும். டப்பாவை உரிய அனுமதியோடு ஏதாவது ஒரு பூங்காவில் வைக்கலாம். தமிழைப் படித்தால்தான் புதையல் கிடைக்கும் என்றால், என் மகன் அந்தப் பலகைகளை எழுத்துக்கூட்டியாவது படித்துவிடுவான்.

ஏதாவது ஓர் அமைப்பு முன்வந்தால் உதவக் காத்திருக்கிறோம். சென்ற ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் சிராங்கூன் சாலையில் நடந்து, ஒரு நோட்டில் பதினொரு பலகைகளின் எண்களைக் குறித்துவைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி, இரு பிள்ளைகளின் தாய்