விண்வெளியில் ஷிப்ட் பார்க்கிறவர்கள்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

போன வாரம் போனில், "பழைய சயின்ஸ் ஃபிக்‌ஷன்ல என்னண்ணா இருக்கு, எல்லாம் அட்டைப்பெட்டியும் ரப்பர் பொம்மையும்தானே" என்று கேட்டாய். அதற்குள் உன் கம்பெனி பஸ் வந்துவிட்டது. விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். உன்னைப் போல கான்ட்ராக்டில் வேலை பார்க்கிற வேறு சிலரும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் வைக்கிறேன்.

நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற பழைய படங்களில் இருப்பவர்கள் பிரபஞ்சத்தைக் காப்பாற்றப் புறப்பட்டவர்கள் கிடையாது. வேலைக்கு வந்தவர்கள். சம்பளம், ஷிப்ட், மேலதிகாரி, எப்போது வீட்டுக்குப் போவோம் என்ற நினைப்பு, இவ்வளவுதான் அவர்கள் உலகம். இடம் மட்டும் விண்வெளி.

1979 இல் ரிட்லி ஸ்காட் எடுத்த 'ஏலியன்' படத்தைப் பேய்ப்படம் என்றுதான் உனக்குச் சொல்லியிருப்பார்கள். நெஞ்சைப் பிய்த்துக்கொண்டு ஜந்து வெளியே வரும் காட்சியைத் துண்டாகப் பார்த்திருப்பாய். ஆனால் அதுவரை அந்தப் படம் என்ன செய்கிறது என்று கவனி. நோஸ்ட்ரோமோ ஓர் இழுவைக் கப்பல். 2 கோடி டன் தாதுவைச் சுத்திகரிப்பு ஆலையோடு சேர்த்து பூமிக்கு இழுத்துப் போகிறது. ஆட்கள் மொத்தம் 7 பேர். பாதி வழியில் கணினி அவர்களை எழுப்பிவிடுகிறது. எழுந்து சாப்பிட உட்கார்ந்ததும், இன்ஜின் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் பார்க்கரும் பிரெட்டும் போனஸ் பேச்சை எடுக்கிறார்கள். மற்றவர்களுக்கு அதிகம், எங்களுக்கு மட்டும் ஏன் குறைவு? ஒப்பந்தத்தில் போட்டிருப்பது கிடைக்கும் என்கிறார் கேப்டன். தீபாவளிக்கு முன்னால் உங்கள் கேன்டீனில் நடக்கும் பேச்சு இதுதானே?

அப்புறம் தெரியாத கிரகத்திலிருந்து ஒரு சிக்னல் வருகிறது. போய்ப் பார்ப்பது எங்கள் வேலை இல்லை, இது சரக்குக் கப்பல் என்கிறார் பார்க்கர். சரியான கேள்வி. உடனே அறிவியல் அதிகாரி ஆஷ் ஒப்பந்தத்திலிருந்து ஒரு பிரிவை எடுத்துச் சொல்கிறார்: இப்படிச் சிக்னல் வந்தால் விசாரித்தே ஆக வேண்டும், மறுத்தால் மொத்தப் பங்கும் போய்விடும். அவ்வளவுதான், பார்க்கர் வாயை மூடிக்கொள்கிறார். எனக்கு அந்தப் படத்தில் மிகவும் பயம் தந்த இடம் அதுதான். ஜந்து வருவதற்கு வெகு முன்னாலேயே, கையெழுத்துப் போட்ட காகிதம் அவர்களைப் பிடித்துவிட்டது.

இன்னொரு காட்சி. தரையிறங்கியதில் கப்பல் பழுதாகிவிடுகிறது. கீழே பார்க்கரும் பிரெட்டும் வேலையில் இருக்கும்போது மேல்தளத்து அதிகாரியான ரிப்ளி வந்து கேள்வி கேட்கிறார். நீராவிச் சத்தத்தில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை. ரிப்ளி எரிச்சலோடு போன பிறகு பார்க்கர் நிதானமாக வால்வைத் திருப்புகிறார். சத்தம் நின்றுவிடுகிறது. மேலே இருந்து வருகிறவர்களுக்குக் கீழே இருப்பவர்கள் கொடுக்கும் பதில் அது. வசனமே தேவைப்படவில்லை. பார்க்கராக நடித்த யாஃபெட் கோட்டோவையும் பிரெட்டாக நடித்த ஹாரி டீன் ஸ்டான்டனையும் பார்த்தால் நடிகர்கள் என்றே தோன்றாது. தொப்பியும் பூப்போட்ட சட்டையுமாக பிரெட் பூனையைத் தேடிப் போகிறார். சங்கிலிகள் தொங்கும் அறையில் மேலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அதில் முகத்தைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறார். நாள் முழுக்கப் புழுக்கத்தில் நின்றவன் செய்கிற காரியம். அவர் சாவதற்கு முன்னால் படம் அவருக்கு அந்தச் சுகத்தைக் கொடுக்கிறது.

ரிப்ளியையும் தப்பாக நினைக்காதே. முகத்தில் ஜந்து ஒட்டிய ஆளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களை உள்ளே விட மறுத்தவர் அவர்தான். 24 மணி நேரம் தனிமைப்படுத்த வேண்டும் என்பது விதி. கதவைத் திறந்தது ஆஷ். கம்பெனிக்கு ஜந்து வேண்டும், ஆட்கள் போனாலும் பரவாயில்லை என்ற உத்தரவு அவரிடம் இருந்தது. பாதுகாப்பு விதியை மீறச் சொல்பவர் யார், சாகிறவர்கள் யார் என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன படம் எனக்கு வேறு தெரியவில்லை.

இதன் திரைக்கதையை எழுதிய டான் ஓபானன், அதற்கு முன் ஜான் கார்பென்டரோடு சேர்ந்து 'டார்க் ஸ்டார்' (1974) எழுதினார். கல்லூரியில் படிக்கும்போது தொடங்கிய படம். நீ சொன்ன பொம்மை அதில் இருக்கிறது: வேற்றுக்கிரக ஜந்து என்று கடற்கரைப் பந்துக்குக் கால் வைத்து விட்டிருப்பார்கள். சரி, இருக்கட்டும். தொடக்கத்தில் பூமியிலிருந்து விண்கலத்து ஆட்களுக்கு வரும் செய்தியைக் கேள். கதிர்வீச்சுத் தடுப்பு கேட்டிருந்தீர்கள், நிதி குறைக்கப்பட்டதால் அனுப்ப முடியாது, வருந்துகிறோம் என்று சிரித்த முகத்தோடு ஒருவர் வாசிக்கிறார். பந்துக்குக் கால் வைத்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தது.

இன்னும் பின்னால் போனால் ஃப்ரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபோலிஸ்', 1927. ஷிப்ட் மாறும்போது இரண்டு வரிசைகள் தலை குனிந்தபடி ஒன்றையொன்று கடக்கின்றன. முதலாளியின் மகன் 11811 என்ற எண் கொண்ட தொழிலாளியின் இடத்தில் நின்று, ராட்சத வட்டத்தில் முட்களைத் தள்ளித் தள்ளி, இந்தப் பத்து மணி நேரம் முடியவே முடியாதா என்று கதறுகிறான். கடைசியில் முதலாளியும் தொழிலாளியும் கை குலுக்குவதை நான் ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. அந்த முட்களை மட்டும் மறக்க முடியாது.

தொலைக்காட்சியில் 'ஸ்டார் ட்ரெக்' முதல் தொடரில், 1967 மார்ச்சில் வந்த 'தி டெவில் இன் தி டார்க்' என்ற எபிசோடு. சுரங்கத்தில் ஏதோ ஒன்று தொழிலாளிகளை எரித்துக் கொல்கிறது. ஹோர்ட்டா என்ற அந்த ஜந்துவின் உடைக்குள் யானோஸ் புரோஹாஸ்கா என்ற கலைஞர் தரையில் தவழ்கிறார், அது நமக்கும் தெரிகிறது. ஐந்து நிமிடத்தில் அதை மறந்துவிடுவாய். புதிய தளம் தோண்டியபோது ஆட்கள் உடைத்துப்போட்ட உருண்டைகள் அதன் முட்டைகள். அது தாய். இதில் எனக்குப் பிடித்தது, சுரங்கத் தொழிலாளிகளை வில்லன் ஆக்காதது. நண்பர்களைப் பறிகொடுத்த ஆத்திரம் அவர்களுக்கு. பிள்ளைகளைப் பறிகொடுத்த ஆத்திரம் அதற்கு. தொட்டு மனதை அறியக்கூடிய விண்கல அதிகாரி ஸ்போக் அதன் மேல் கை வைத்து அதன் வலியைக் கத்தும்போது இரண்டுமே நமக்குப் புரிகிறது.

'அவுட்லேண்ட்' (1981) படத்தின் முதல் பாதியை மட்டும் பார். வியாழனின் துணைக்கோளான அயோவில் சுரங்கம், உற்பத்தி ஏற வேண்டும் என்று ஆட்களுக்குப் போதை மருந்து. பிற்பாதி வெறும் துப்பாக்கிச் சண்டை.

நீ 'ஏலியன்' படத்திலிருந்து தொடங்கு. 2003 இல் ரிட்லி ஸ்காட் மறுபடி வெட்டி வெளியிட்ட பதிப்பும் கிடைக்கும். ரிப்ளி தப்பி ஓடும் நேரத்தில் அதில் சேர்த்திருக்கும் ஒரு காட்சி வேகத்தை நிறுத்திவிடுகிறது. அதனால் 1979 பதிப்பையே பார். பார்த்துவிட்டு, பார்க்கரும் பிரெட்டும் கேட்ட பங்கு நியாயமா என்று உன் லைனில் இருக்கிறவர்களிடமும் கேட்டு எழுது.

அன்புடன்,
அண்ணன்