ஆஸ்பெக்டுக்கு எல்லை போடும் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜாவாவில் ஆஸ்பெக்ட் நிரலாக்கம் (நடப்பதைப் பதிவுசெய்யும் லாகிங் போல, பல இடங்களுக்கும் பொதுவான வேலையை 'ஆஸ்பெக்ட்' என்று தனியாக எழுதும் முறை) பற்றித் தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் வந்த கட்டுரை, ஓர் ஆஸ்பெக்டைக் குறிப்பிட்ட பேக்கேஜோடு (கிளாஸ்களின் தொகுப்போடு) நிறுத்த, ஆஸ்பெக்ட்ஜே கருவியின் அமைப்புகள் உள்ள ஏஓபி.எக்ஸ்எம்எல் கோப்பின் 'வீவர்' பகுதியில் 'இன்க்ளூட்' எழுதினால் போதும் என்கிறது. போதாது. வீவர், அதாவது ஆஸ்பெக்டுகளை கிளாஸ்களுக்குள் நுழைக்கும் பகுதி, எந்த கிளாஸ்களைத் தொடலாம் என்பதை மட்டுமே அந்த வரி சொல்கிறது; கோப்பிலுள்ள எல்லா ஆஸ்பெக்டுகளுக்கும் அது பொது. லாகிங்கை சர்வீஸ் பேக்கேஜுக்குள் அடக்க நினைத்து அங்கே கைவைத்தால், ரெப்பாசிட்டரி பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிரான்சாக்‌ஷன் ஆஸ்பெக்டும் சேர்ந்து நின்றுபோகும். எரர் எதுவும் வராது என்பதால் யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

தனி ஆஸ்பெக்டுக்கான எல்லையை அதன் 'ஆஸ்பெக்ட்' டேகிலேயே 'ஸ்கோப்' என்று கொடுக்கலாம். சோர்ஸ் நம் கையில் இருந்தால், பாயிண்ட்கட்டிலேயே (ஆஸ்பெக்ட் எங்கெங்கே நுழைய வேண்டும் என்று சொல்லும் விதியிலேயே) 'இந்த இடத்துக்குள் மட்டும்' எனும் 'விதின்' சேர்ப்பது இன்னும் நல்லது. படிப்பவர் வேறு கோப்பைத் தேட வேண்டியதில்லை. ஜார் கோப்பாக (தொகுக்கப்பட்ட ஜாவா நிரலாக) வரும் பொது ஆஸ்பெக்ட் என்றால், எழுதுபவர் அதை அப்ஸ்ட்ராக்ட் (முழுமையாகாத வடிவம்) ஆக்கி, எல்லைக்கான பாயிண்ட்கட்டைக் காலியாக விட வேண்டும். பயன்படுத்துபவர் 'கான்கிரீட்-ஆஸ்பெக்ட்' டேகில் அதை நிரப்பிக்கொள்வார். எக்ஸ்எம்எல்லுக்குள் நிபந்தனைகளை இணைக்கும் இரட்டை '&' குறியை அப்படியே எழுத முடியாது; 'ஆண்ட்' என்று பெரிய எழுத்தில் எழுதலாம்.

'விதின்' எழுதும்போதுதான் பலரும் சறுக்குகிறார்கள். 'சர்வீஸ்.*' என்றால் அந்த பேக்கேஜ் மட்டும். உள் பேக்கேஜ்களும் வேண்டுமானால் 'சர்வீஸ்..*' என இரண்டு புள்ளி வேண்டும். மெத்தட் ஓடுவதைக் குறிக்கும் 'எக்ஸிக்யூஷன்' உடன் வந்தால் 'விதின்' அழைக்கப்படும் மெத்தட் இருக்கும் இடத்தைப் பார்க்கும்; மெத்தடை அழைப்பதைக் குறிக்கும் 'கால்' உடன் வந்தால் அழைக்கும் நிரல் இருக்கும் இடத்தை. பாதி பிழைகள் இந்தக் குழப்பத்தில் பிறப்பவை. தவிர, நிரல் எந்த கிளாஸில் எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் 'விதின்'னுக்குக் கணக்கு. சர்வீஸ் பேக்கேஜில் உள்ள இன்வாய்ஸ்சர்வீஸ், காமன் பேக்கேஜில் உள்ள பேஸ்சர்வீஸிடமிருந்து 'சேவ்' மெத்தடைப் பெற்றிருந்தால், அதன் எக்ஸிக்யூஷன் சிக்காது. அங்கே 'திஸ்' பயன்படுத்தலாம்; ஆனால் ஆப்ஜெக்டின் வகையை ரன்டைமில் சோதிக்க நேரும். 'விதின்' வீவிங்கின்போதே தீர்ந்துவிடுவதால் அந்தச் செலவு இல்லை.

எல்லை விரிவாக இருந்தால், ஆஸ்பெக்ட் தன்னையே விலக்கும் '!விதின்' அவசியம். அட்வைஸ் (ஆஸ்பெக்டில் ஓடும் நிரல்) அழைக்கும் மெத்தட் அதே பாயிண்ட்கட்டில் சிக்கினால் முடிவில்லாமல் சுழன்று ஸ்டாக்ஓவர்ஃப்ளோ எரரில் முடியும்.

வீவர் ஆப்ஷனில் '-ஷோவீவ்இன்ஃபோ' போட்டு ஒருமுறை ஓட்டுங்கள். எந்த மெத்தடில் எந்த ஆஸ்பெக்ட் நுழைந்தது என்று வரிவரியாக வரும். எதிர்பார்த்த கிளாஸ் அதில் இல்லையென்றால், முதலில் அந்த இரண்டு புள்ளியைப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஜாவா நிரலாளர்கள் சிலர்