ஐபி-10 பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு விரும்பிய கல்லூரியிலேயே இடம் கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் மிகுந்த மகிழ்ச்சி. காசநோய்க்கான இரத்தப் பரிசோதனையில் காமா இன்டர்ஃபெரான் என்ற நோயெதிர்ப்புப் புரதத்தோடு, ஐபி-10 என்ற கீமோகைனையும் (செல்களை ஈர்த்து வரவழைக்கும் புரதம்) ஏன் அளக்கச் சொல்கிறார்கள் என்று கேட்டிருந்தாய்.

மனித மோனோசைட் (ஒருவகை வெள்ளையணு) வகைச் செல்களுக்குக் காமா இன்டர்ஃபெரான் கொடுத்தபோது எந்த ஜீன்கள் விழித்தெழுகின்றன என்று தேடிய ஆண்ட்ரூ லஸ்டர் குழுவினர், 1985இல் கண்டறிந்த புரதம்தான் அது. இன்டர்ஃபெரான் செல்லின் மேலுள்ள ஏற்பியில் அமர்ந்ததும் ஜாக்1, ஜாக்2 நொதிகள் ஸ்டாட்1 புரதத்தில் பாஸ்பேட்டைச் சேர்க்கின்றன. அது இரண்டிரண்டாக இணைந்து உட்கருவுக்குள் சென்று ஐபி-10 ஜீனைத் தூண்டுகிறது. கிருமியை அடையாளம் காணும் டி செல்கள் சுரக்கும் சிறிதளவு இன்டர்ஃபெரானுக்கே மோனோசைட்டுகள் ஐபி-10ஐப் பல மடங்காக வெளியிடுவதால், அதை அளப்பது எளிதாகிறது.

என்னை மிகவும் ஈர்ப்பது நியூட்ரோஃபில்கள் என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்களின் நடத்தை. இன்டர்ஃபெரானை மட்டும் கொடுத்த குழிகளில் ஐபி-10ஐ நிறத்தால் காட்டும் எலைசா சோதனைத் தட்டு ஏறக்குறைய நிறமற்றே இருக்கும். அதனுடன் டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைச் சேர்த்த குழிகளிலோ, கடைசியில் அமிலம் விட்டதும் மஞ்சள் அடர்ந்து நிற்கும். ஐபி-10 ஜீனை இயக்கும் முகப்புப் பகுதியில் ஸ்டாட்1 வழி வரும் தூண்டலுக்கும், டிஎன்எஃப் எழுப்பும் என்எஃப்-கப்பா பி புரதத்துக்கும் தனித்தனி இடங்கள் இருப்பதே இந்தக் கூட்டு விளைவுக்கு முக்கியக் காரணம்.

இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறொன்று. இன்டர்ஃபெரான் எல்லாக் கீமோகைன்களையும் கூட்டுவதில்லை. சிஎக்ஸ்சிஆர்3 ஏற்பியுள்ள டி செல்களையும், தொற்றுற்ற செல்களைக் கொல்லும் என்கே செல்களையும் ஈர்க்கும் மிக், ஐபி-10, ஐ-டாக் ஆகிய மூன்று கீமோகைன்களையும் பெருக்கும் அதே வேளையில், நியூட்ரோஃபில்களை வரவழைக்கும் ஐஎல்-8 என்ற கீமோகைனை மோனோசைட்டுகளில் அது அடக்குகிறது. ஆல்ஃபா இன்டர்ஃபெரானும் ஐஎல்-8ஐ அவ்வாறே அடக்குகிறது. அழற்சி நடக்கும் இடத்துக்கு எந்தச் செல்கள் வர வேண்டும் என்பதையே இன்டர்ஃபெரான் மாற்றியமைக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் ஐபி-10 கூடியிருப்பதைக் கொண்டு மட்டும் காசநோய் என்று முடிவுசெய்துவிடாதே. வைரஸ் தொற்றிலும் அது ஏறும். காசநோய்க் கிருமியின் ஆன்டிஜென் (டி செல்களைத் தூண்டும் கிருமிப் புரதம்) சேர்த்த இரத்தக் குழாயின் அளவிலிருந்து, ஒன்றும் சேர்க்காத குழாயின் அளவைக் கழித்த பிறகே எதையும் சொல்ல முடியும். உன் நோயாளிகளில் சிடி4 வகை டி செல்களின் எண்ணிக்கை குறைந்தவர்களுக்கு இன்டர்ஃபெரான், ஐபி-10 இரண்டையும் சேர்த்து அளந்து பார்த்து, கிடைத்ததை எனக்கு எழுது.

அன்புடன்,
உன் நண்பன்