செல்வத்துக்கு ஒரு கடிதம்: மூடியைப் பிடிக்கும் காந்தம்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் விடச் சொல். எங்கள் அப்பாவுக்குச் செய்தபோது டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னது அது ஒன்றைத்தான். இங்கே எல்லாரும் சுகம். பெரியவள் இந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு. அதனால் வீட்டில் டிவி சத்தமே கிடையாது. சுகந்தி உன் வீட்டு மாங்காய் ஊறுகாயை இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

சரி, நீ கேட்ட அந்த லேப்டாப்புக்கு வருகிறேன். மேல் மூடியை மாற்றிய பிறகு இடது மூலை மட்டும் படியாமல் தூக்கிக்கொண்டு நிற்கிறது, அமுக்கி மூடினாலும் மெஷின் தூங்கப் போவதில்லை என்று எழுதியிருந்தாய். இரண்டுக்கும் காரணம் ஒன்றாகத்தான் இருக்கும். பழைய மூடியிலிருந்து காந்தத்தை எடுத்துப் புதியதில் ஒட்டியவர் இடது பக்கக் காந்தத்தைத் தலைகீழாக ஒட்டியிருப்பார். வடக்கும் வடக்கும் எதிரெதிரே வந்தால் தள்ளத்தானே செய்யும். மூலை தூக்குவது அதனால். தூங்காததற்குக் காரணம் அடிப்பாகத்தில், கை வைக்கும் பலகைக்குக் கீழே இருக்கும் ஹால் சென்சார், அதாவது பக்கத்தில் காந்தம் வருவதை உணரும் சின்னச் சிப். சில மாடல்களில் பிடிப்புக்கு வைத்த காந்தத்தையே அந்தச் சென்சாருக்கும் பயன்படுத்திக்கொள்வார்கள். சென்சாரிலும் இரண்டு வகை உண்டு. ஒரு வகை எந்தத் துருவம் வந்தாலும் மூடி வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். இன்னொன்று ஒரே ஒரு துருவத்துக்குத்தான் அசையும். உன்னிடம் வந்திருப்பது இரண்டாவது வகை என்று நினைக்கிறேன்.

சரிசெய்ய எளிய வழி இருக்கிறது. காந்தத்தை மூடியிலிருந்து பெயர்த்து எடுத்து, அடிப்பாகத்தில் அதன் ஜோடி இருக்கும் இடத்தின் மேல் விடு. அதுவே திரும்பிச் சரியான முகத்தைக் கீழே வைத்து உட்கார்ந்துகொள்ளும். மேலே தெரியும் முகத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வை. ஒட்டும்போது அந்தப் புள்ளி மூடிக்குள்ளே போக வேண்டும், அவ்வளவுதான். வலது பக்கத்தைப் பார்த்து இடதுக்கு வைக்காதே. சில மாடல்களில் இரண்டு பக்கமும் வேண்டுமென்றே எதிரெதிர்த் துருவமாக இருக்கும். பெயர்க்கும்போது ஹீட் கன்னை அளவாகப் பிடி. சாதாரண ரகக் காந்தம் 80 டிகிரி வரைதான் தாங்கும். அதற்கு மேல் சுட்டால் பசை இளகுவதோடு காந்தத்தின் பலமும் குறையும். ஆறிய பிறகும் அது திரும்பி வராது.

நீ இதைக் கேட்டது எனக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம் தெரியுமா? சில மாதங்களாக நான் செய்துகொண்டிருக்கும் வேலையே இதுதான். ஒரு மெல்லிய லேப்டாப்புக்கு மூடிக் காந்தம் எங்கே வைப்பது, எவ்வளவு பெரிதாக வைப்பது என்பது என் பொறுப்பு. சொன்னால் சின்ன வேலை மாதிரித்தான் தெரியும். கடையில் வலுவான காந்தம் வாங்கி ஒட்டினால் முடிந்தது என்று ஆபீஸிலேயே சிலர் நினைக்கிறார்கள். வலு ஒரு பிரச்சினையே இல்லை, செல்வம். எப்போது விட வேண்டும் என்பதுதான் முழுப் பிரச்சினையும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அடிப்பாகம் 800 கிராம், மூடி 400 கிராம் என்று வைத்துக்கொள். இரண்டும் பின்னால் கீலில் சேர்ந்திருக்கின்றன. காந்தம் முன் விளிம்பில் இருக்கிறது. ஒரு விரலால் மூடியை முன்பக்கம் தூக்கும்போது காந்தம் அடிப்பாகத்தையும் சேர்த்து இழுக்கும். அடிப்பாகத்தின் எடை ஏறக்குறைய நடுவில் இருப்பதால், அதன் முன் விளிம்பைக் கிளப்ப எடையில் பாதி, அதாவது 400 கிராம் விசை போதும். காந்தத்தின் பிடி அதைத் தாண்டினால் மூடி திறக்காது. மொத்த லேப்டாப்பும் மேஜையிலிருந்து வாயைப் பிளக்காமல் எழும்பி வரும். ஆள் இன்னொரு கையால் அடியை அமுக்கிக்கொண்டு திறக்க வேண்டும்.

இப்போது மறுபக்கம். அடிப்பாகத்தைக் கையில் பிடித்துக் கவிழ்த்தால் மூடி தன் எடையில் திறக்கப் பார்க்கும். அதற்கும் அதே கணக்கு: 400-இல் பாதி, 200 கிராம். பிடி அதற்குக் கீழே இருந்தால் மூடி தொங்கிவிடும். ஆக, 200-க்கு மேலே, 400-க்குக் கீழே. கீலின் இறுக்கமும் இதே கணக்கில்தான் சேர்கிறது. பிடிப்பதற்கு உதவுகிற அளவுக்கே திறப்பதற்கும் தடை போடும். தொடுதிரை வேண்டும் என்று மேலே கண்ணாடியைப் போட்டு மூடி 550 கிராம் ஆகி, அடிப்பாகத்தை இளைக்க வைத்து 750 ஆக்கினால் என்ன ஆகும் என்று பார். கீழ் எல்லை 275, மேல் எல்லை 375. நான் நடமாட வெறும் 100 கிராம் இடம். எடையைக் குறை, திரையைப் பெரிதாக்கு என்று கேட்பவர்கள் ஒவ்வொரு முறையும் இந்த இடத்தைத்தான் வெட்டுகிறார்கள்.

அந்த 100 கிராமைத் தின்னக் காத்திருப்பது இடைவெளி. காந்தங்கள் நேராக ஒட்டிக்கொள்வதில்லை. நடுவில் மேலே ஒரு அலுமினியத் தோல், கீழே ஒரு தோல், இரண்டு பக்கமும் பசை, திரையைச் சுற்றியிருக்கும் ரப்பர் வரி எல்லாம் இருக்கின்றன. ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள சின்னக் காந்தத்துக்கு ஒரு மில்லிமீட்டர் இடைவெளி கூடினாலே இழுப்பு பாதிக்கும் கீழே போய்விடும். மில்லிமீட்டரில் பத்தில் இரண்டு பங்கு என்பது, உற்பத்தியில் பசை கொஞ்சம் தடித்தாலும் மூடி கொஞ்சம் வளைந்தாலும் தானாக வந்துவிடும் வித்தியாசம். ஒரே அச்சில் வந்த இரண்டு லேப்டாப்பில் ஒன்று இறுக்கமாகவும் ஒன்று தளர்வாகவும் இருப்பது இதனால்தான். ரப்பர் வரி தேய்ந்த பழைய மெஷினில் மூடி 'டப்' என்று அறைவதை நீ கவனித்திருப்பாய். இடைவெளி குறைந்ததால் இழுப்பு கூடிவிடுகிறது. கடைசி இரண்டு மில்லிமீட்டரில் மூடி வேகமெடுத்து விழுகிறது. திரையில் கீபோர்டு தடம் பதிந்து வரும் மெஷின்களில் முதலில் அந்த ரப்பரைத்தான் தொட்டுப் பார்க்க வேண்டும்.

நான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கும் வழிகளில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. அடிப்பாகத்தில் காந்தம் வைக்காமல் ஒரு சின்ன இரும்புத் தகடு வைப்பது. இழுப்பு கொஞ்சம் குறையும், அதைக் காந்தத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஈடுகட்டலாம். ஆனால் இரும்புக்கு வடக்கு தெற்கு எல்லாம் கிடையாது. காந்தத்தை எப்படித் திருப்பி ஒட்டினாலும் இழுக்கும். எந்தத் துருவத்துக்கும் அசையும் சென்சாரையும் சேர்த்துப் போட்டுவிட்டால், உன் கடைக்கு வந்த மாதிரி கோளாறு வரவே வழியில்லை. இதை மீட்டிங்கில் சொல்லியிருக்கிறேன். ரிப்பேர் செய்பவருக்காக ஒரு பாகத்தை மாற்றுவதா என்று இழுக்கிறார்கள். நான் விடுவதாக இல்லை.

அந்தச் சென்சாரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எட்வின் ஹால் 1879-இல் மெல்லிய தங்கத் தகட்டில் மின்சாரம் ஓடவிட்டு, பக்கத்தில் காந்தம் வைத்துக் கண்டுபிடித்த விளைவு அது. இன்று அரிசி மணியளவு சிப்பாக உள்ளே உட்கார்ந்திருக்கிறது. சில மில்லிடெஸ்லா புலம் வந்தாலே அசைந்துவிடும். பூமியின் காந்தப்புலம் 0.05 மில்லிடெஸ்லாவுக்குப் பக்கம்தான் என்பதால் அதனால் தொல்லையில்லை. ஆனால் காந்தக் கொக்கி வைத்த வாட்ச் பட்டை கட்டிய கை அந்த இடத்தில் வந்தால் திரை அணைந்துவிடும். ஒரு லேப்டாப்பை மூடிய இன்னொன்றின் மேல் வைத்து வேலை செய்தாலும் கீழே உள்ளதன் மூடிக் காந்தம் மேலே இருப்பதைத் தூங்கவைத்துவிடும். யாராவது 'அடிக்கடி தானாகத் தூங்குது' என்று கொண்டுவந்தால் போர்டைக் கழற்றுமுன் அவர் கையையும் மேஜையையும் பற்றி விசாரி.

நாம் டிப்ளமோ முடித்த காலத்து லேப்டாப்புகள் ஞாபகம் இருக்கிறதா? முன்னால் ஒரு பொத்தானைத் தள்ளினால் பிளாஸ்டிக் கொக்கி விடுபடும். அந்தக் கொக்கி உடைந்த மெஷின்கள் எத்தனை உன் கைக்கு வந்திருக்கும்! அந்தக் கொக்கிக்கும் இன்றைய காந்தத்துக்கும் நடுவில் ஒரு அழகான வேலை நடந்தது. ஆப்பிள் 2001-இல் கொண்டுவந்த டைட்டானியம் பவர்புக்கில் கொக்கி மூடிக்குள்ளேயே மறைந்திருக்கும். மூடியைக் கீழே கொண்டுவரும்போது அடிப்பாகத்தில் உள்ள காந்தம் இழுத்து, கொக்கி தானாக வெளியே தலை நீட்டித் துளைக்குள் போய் மாட்டும். பிடிப்பது கொக்கி, அதை அழைப்பது மட்டும் காந்தம். 2006 மே மாதம் வந்த வெள்ளை மேக்புக்கில் கொக்கியையே எடுத்துவிட்டார்கள், வெறும் காந்தம்தான். அதே வருஷம் முன்னால் வந்த மேக்புக் ப்ரோவில் பொத்தானும் கொக்கியும்தான் இருந்தன. 2008 கடைசியில் வந்த அலுமினிய உடம்பில்தான் அதற்கும் காந்தம் வந்தது. விரல் நுழைய முன் விளிம்பில் ஒரு குழிவும் வெட்டினார்கள். அந்தக் குழிவு அலங்காரத்துக்கு இல்லை. விரல் சரியான இடத்தில் சரியான திசையில் தூக்க அதுதான் வழிகாட்டுகிறது. எந்த மெஷின் கையில் வந்தாலும் நான் முதலில் தடவிப் பார்ப்பது அதைத்தான்.

இத்தனைக்கும் அடிப்படை நியோடிமியம் காந்தம். 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் சுமிட்டோமோ ஸ்பெஷல் மெட்டல்ஸில் மசாதோ சகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸில் ஜான் குரோட்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், தனித்தனி வழியில் கண்டுபிடித்தது. எடையில் முக்கால் பங்குக்குப் பக்கம் இரும்புதான். கால் பங்குக்கு மேல் நியோடிமியம், ஒரே ஒரு சதவீதம் போரான். இரும்பு அவ்வளவு இருப்பதால் சீக்கிரம் துருப்பிடிக்கும். அதனால்தான் மேலே நிக்கல் பூச்சு. நீ கத்தியால் நெம்பும்போது பூச்சு பெயர்ந்தால், சென்னைக் காற்றுக்குக் கொஞ்ச நாளில் பொடிந்துவிடும். பெயர்ந்ததைத் திரும்ப ஒட்டாதே, வேறு போடு.

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதுதான் நம் ஊர்ப் பக்கமே இதற்குள் வந்து நின்றது. மணவாளக்குறிச்சி கடற்கரையில் கறுப்பு மணல் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதில் இருக்கும் மோனசைட் என்ற தாதுவில் நியோடிமியமும் இருக்கிறது. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் மோனசைட் இங்கே இருப்பதைக் கண்டுகொண்டார். அப்போது அவர்களுக்கு வேண்டியிருந்தது கேஸ் விளக்கில் ஒளிவிடும் வலையான மேன்டிலுக்கு வேண்டிய தோரியம். இன்றைக்கு எல்லாரும் காந்தத்துக்காக அலைகிறார்கள். 2025 ஏப்ரலில் சீனா சில அரிய மண் தனிமங்களுக்கும் அவை கலந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டதும் எங்கள் சப்ளையர் போனிலேயே பதறினார். எங்களுடையது சாதாரண ரகம், சூடு தாங்குவதற்காகச் சேர்க்கும் டிஸ்ப்ரோசியம் என்ற அரிய மண் தனிமம் தேவையில்லாதது என்று அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. அந்த நவம்பரில் மத்திய அமைச்சரவை இங்கேயே காந்தம் தயாரிக்க 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. நல்லதுதான். ஆனால் நம் கடற்கரை ஊர்களில் மணல் எடுப்பதைப் பற்றி மக்களுக்கு இருக்கும் பயம் எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அவர்களைக் கேட்காமல் செய்தால் அது எனக்கு ஒப்பாது. தன் வேலைக்கு வேண்டிய பொருள் எங்கிருந்து வருகிறது என்பதை டிசைன் செய்பவன் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இப்போது உன்னிடம் ஒரு உதவி. ரிச்சி தெருவில் உன் மேஜைக்கு வருகிற அளவுக்கு விதவிதமான மெஷின்களை எங்கள் ஆய்வகம் பார்ப்பதில்லை. அதுவும் ஐந்தாறு வருஷம் ஓடித் தேய்ந்தவை எங்களிடம் வரவே வராது. அடுத்து மூடியைக் கழற்றும்போதெல்லாம் காந்தம் எப்படி நிறுத்தப்பட்டிருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. வெறும் பசையா, குழிக்குள் அழுத்தியதா, மேலே தகரம் போட்டு ஸ்க்ரூவால் இறுக்கியதா என்று தெரிந்தால் போதும். பசை விட்டுப்போய்க் காந்தம் உள்ளே உருண்டு கேபிளில் போய் ஒட்டியிருந்தால் அதை அவசியம் எடு. அப்புறம், தொங்கு தராசு ஒன்று கடையில் இருக்குமே, மூடியின் குழிவில் மாட்டி மெதுவாக இழுத்து எத்தனை கிராமில் விடுகிறது என்று போட்டோவின் கீழே எழுதிவிடு. திறந்தபோது அடிப்பாகம் எழும்பியதா இல்லையா என்பதையும் சேர்த்துக்கொள். மாடல் பெயர் வேண்டாம், வயது மட்டும் போதும்.

இரும்புத் தகடு பற்றிய அடுத்த கூட்டம் மாதக் கடைசியில். அதற்குள் கொஞ்சம் வந்தால் கையில் வைத்துக்கொண்டு பேசுவேன். பொங்கலுக்கு நாகர்கோவில் வருகிறோம், நீயும் வருவாய் என்றால் முன்னாலேயே சொல். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
ராஜன்